கழன்று வரும் கயிறு

"கழண்டு வரணும்னே செஞ்ச ஒண்ண நம்பி எப்படித் தொங்குறது மேஸ்திரி?"

கேட்டவர் நயினார். ஐம்பதைத் தாண்டியவர்.

கேட்கப்பட்டவள் மங்களேஸ்வரி. அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கோத்தகிரி வட்டாரத்தில் வீட்டின் மேல் சாய்ந்த மரம், கரண்ட் கம்பியில் உரசுகிற மரம், ரோட்டைப் பார்த்துக் குனிந்த மரம் எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அவள் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்தின் உச்சிக் கவட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான்.

உச்சிக் கவட்டைக்கு மேலாக ஒரு சின்ன மணல் பையை எறிவார்கள். அதன் வாலில் வரும் நூலைக் கொண்டு பெரிய கயிற்றை ஏற்றுவார்கள். கயிற்றின் ஒரு முனையில் ஒரு இரும்பு வளையம். மறு முனையை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் சுருக்கு விறுவிறுவென்று மேலே போய் மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் ஏறுவது, வெட்டுவது, இறங்குவது எல்லாம்.

வளையத்தில் இன்னொரு கயிறும் கட்டியிருக்கும். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத சின்னக் கயிறு. அது தரை வரைக்கும் தொங்கும். வேலை முடிந்து இறங்கியபின் அதைப் பிடித்து இழுத்தால் சுருக்கு விரிந்து எல்லாமே கீழே வந்துவிடும். அவிழ்ப்பதற்கென்று மறுபடி யாரும் ஏற வேண்டாம். மரத்தில் ஒரு முடிச்சுகூட மிச்சம் இருக்காது.

நயினாருக்கு உறுத்தியது அந்தச் சின்னக் கயிறுதான். மேலே அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போது கீழே அது பாட்டுக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு குரங்கு பிடித்து இழுத்தால்? போகிற மாடு கொம்பில் மாட்டிக்கொண்டால்?

"ஏறுங்கண்ணே" என்றாள் மேஸ்திரி.

ஏறினார்.

*

நயினார் அதற்குமுன் செல்போன் கோபுரங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள். ஊர் ஊராகப் போவார். கோபுரம் இருக்கிற இடத்தில் பெரும்பாலும் கோபுரத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. மேலே போய்விட்டால் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

வயதாகிவிட்டது, இனி ஏற வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொன்னபோது அவருக்கு ஏறுவதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. மரத்திலாவது ஏறலாம் என்று யாரோ சொல்ல, மேஸ்திரியைத் தேடி வந்தார்.

வந்த அன்றைக்கே ஒன்று சொல்லி வைத்தார். தன்னால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வராது. தங்க இடம் தானே பார்த்துக்கொள்வார். சோறு தானே பொங்கிக்கொள்வார். காய்ச்சல் வந்தாலும் படுத்து எழுந்து வந்துவிடுவார், யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை.

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மரத்தில் ஏறுவதற்கு முன்னால் உள்ளே உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை.

"சரி, வாங்க" என்றாள்.

*

அவர் சொன்னபடியே இருந்தார்.

தேயிலைக் காட்டு ஓரத்தில் ஒற்றை அறை. விடிந்ததும் குளித்து, பொங்கி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வருவார். யாராவது டீ வாங்கித் தந்தால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பார். கனமான கட்டையைத் தூக்கும்போது மறுபக்கம் பிடிக்க ஆள் வந்தால், "நான் பாத்துக்கிடுதேன்" என்பார்.

அவருக்கு ஒரு மகள். இசக்கியம்மாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மனைவி போனபிறகு அக்கா வீட்டில் விட்டு வளர்த்த பிள்ளை. படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. பதிலுக்கு எதுவும் கேட்டதும் இல்லை.

பேரனுக்குக் காது குத்தினார்கள். விடியற்காலையில் திருப்பூரில் இறங்கிய நயினார் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டினால் அவர்களுக்குச் சிரமம். பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு லாட்ஜில் அறை எடுத்து, குளித்து, ஓட்டலில் இட்லி தின்றுவிட்டு, காது குத்துகிற நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றார்.

இசக்கி அவருக்கென்று தனியாக மீன் குழம்பு வைத்திருந்தாள்.

"சாப்பிட்டாச்சும்மா" என்றார்.

அவள் அகப்பையும் கையுமாக நின்றாள். அவர் அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் வாரம் ஒருமுறை வந்த போன் மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. போன தீபாவளிக்குப் போனும் இல்லை. விளக்குப் படம் போட்ட ஒரு மெசேஜ் மட்டும் வந்தது.

நயினார் யாரையும் குறை சொல்லவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள், அதுதானே வேண்டும்.

ஆனால் சாயந்தரம் பனி இறங்கி, எதிர்மேடு மறைந்து, பக்கத்துத் தேயிலைச் செடியும் மறைந்து, தன் வீட்டு வாசற்படியும் மறையும்போது, அறைக்குள் உட்கார்ந்து அந்த விளக்குப் படத்தை எடுத்துப் பார்ப்பார்.

*

ஒருநாள் வேலைக்கு நடுவில், தழைக்குவியல் பக்கத்தில் உட்கார்ந்து தான் கொண்டுவந்த டீயைக் குடிக்கும்போது அவரே வாயைத் திறந்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டா?"

"ம்."

"நான் இதுவரைக்கும் யாருக்கும் ஒரு தொந்தரவு குடுத்ததில்ல. யாருகிட்டயும் போய் நின்னதில்ல. அப்படி இருந்தும் பக்கத்துல ஒரு ஆள் இல்ல. எங்க தப்பு?"

மேஸ்திரி அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"டீ ஆறுது அண்ணே."

இவளிடம் கேட்டதே தப்பு என்று நினைத்துக்கொண்டார் நயினார்.

*

ஒரு பெரிய மழைக்குப் பிறகு, பழைய பங்களா ஒன்றின் கூரை மேல் சாய்ந்திருந்த கற்பூர மரத்தைக் குறைக்கப் போனார்கள். ஓட்டுக்கூரை. ஒரு கிளை நழுவினாலும் வீடு போய்விடும்.

மரத்தில் இரண்டு இடத்தில் கயிறு போட்டார்கள். ஒன்று நயினார் ஏற. இன்னொன்று அவசரத்துக்கு. வெட்டுகிற கிளைகளைக் கட்டி இறக்க வேறொரு கயிறு. அதன் கீழ்முனை மேஸ்திரி கையில்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. நயினார் மேலே வெட்டுவார். கிளை கயிற்றில் தொங்கும். மேஸ்திரி கீழே விட்டுக்கொடுப்பாள். பூனை இறங்குவது மாதிரி கிளை தரையைத் தொடும்.

பனி வந்தது. நயினாருக்குக் கீழே இருந்த மரமே தெரியவில்லை. மேஸ்திரியின் குரல் மட்டும் வந்தது.

அடுத்த கிளையை வெட்டினார். அது விழாமல் கயிற்றில் ஒரு சுழல் சுழன்று திரும்பி வந்தது. விலக இடமில்லை. அதன் அடிக்கட்டை அவர் வலது தோளில் இடித்தது.

கை செத்துப்போயிற்று. ரம்பம் நழுவி, இடுப்பு வாரில் தொங்கியது.

"சரியாண்ணே?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"சரி" என்றார்.

கிளை கீழே போனது. கயிறு மறுபடி மேலே வந்தது. அவர் தொடவில்லை.

இறங்கிவிடலாம் என்று பார்த்தார். இறங்குவதற்கென்று கயிற்றில் கோத்திருந்த பிடியை வலது கையால் அழுத்தியே பழக்கம். வலது கையோ தன்னுடையது இல்லை என்பதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பார்த்தார். எட்டியது. அழுத்த வலு இல்லை. வலியில் வாந்தி வரும்போல் இருந்தது.

"அண்ணே?"

"சரி. இதோ."

கொஞ்சம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். சுற்றிலும் வெள்ளை. கோபுரத்தின் உச்சியில் இருந்த காலத்தில்கூட தூரத்தில் ஒரு ஊர் தெரியும், ஒரு லாரி போவது தெரியும். இங்கே தன் கால் தெரியவில்லை. நெற்றியில் குளிர்ந்து வேர்த்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும் என்று அவருக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தை அவர் அதுவரைக்கும் போட்டதே இல்லை.

கையிலிருந்த கயிறு அசையாததைக் கீழே இருந்தவள் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாவது கயிறு நடுங்குவதை நயினார் பார்த்தார். சிறிது நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு ஹெல்மெட் வந்தது, பிறகு மேஸ்திரியின் முகம் வந்தது.

அவள் அவருடைய பெல்ட்டைத் தன் பெல்ட்டோடு கோத்தாள். அவர் கயிற்றை விடுவித்தாள். அவருடைய முழுக் கனமும் அவள் இடுப்பில் இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எதுக்கு மேஸ்திரி இந்தச் சிரமம், நான் மெதுவா..." என்று ஆரம்பித்தார்.

"கம்முனு தொங்குங்க" என்றாள்.

தரையில் கிடத்தியபிறகு, மூச்சு வாங்கியபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏன் கூப்பிடல?"

நயினார் யோசித்துப் பார்த்தார். சொல்வதற்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"தொந்தரவு குடுக்க வேண்டாம்னுதான்."

மேஸ்திரி எழுந்து போய்க் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கினாள்.

*

தோள்மூட்டு விலகியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஏற்றிக் கட்டி, கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் மத்தியானம் மேஸ்திரி டிபன் கேரியரோடு அவர் அறைக்கு வந்தாள்.

"சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன் மேஸ்திரி."

அவள் அடுப்பைப் பார்த்தாள். மூலையில் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். நேற்றுக் கவிழ்த்தவை. கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதே கேள்வி. அதே பதில். அன்றைக்கும் வைத்துவிட்டுப் போனாள்.

இப்படியே போய், ஒரு திங்கட்கிழமை காலையில் வெறுங்கையோடு வந்தாள்.

"பங்களா மரத்துக்கு வாங்க."

"கை இப்படி இருக்கே."

"இடது கை போதும்."

*

மரத்தடியில் வேறு யாரும் இல்லை. அன்று வெயில் அடித்தது. மரம் முழுசாகத் தெரிந்தது. அடியில் ஒரு பக்கம் பாறை துருத்திக்கொண்டிருந்தது.

மேஸ்திரி கயிறு போட்டாள். சுருக்கு ஏறி மேலே கவ்வியது. சின்னக் கயிறு வந்து தரையில் விழுந்தது.

அவள் ஏறினாள். ஓட்டுக்கூரையின் உயரம் தாண்டி, பாறைக்கு நேர் மேலே போய், மரத்திலிருந்து காலை எடுத்தாள். இரண்டு கையையும் விரித்தாள். கயிற்றில் மட்டும் தொங்கினாள்.

"அண்ணே, சின்னக் கயிறப் புடிங்க."

பிடித்தார்.

"இழுங்க."

நயினார் கயிற்றை விட்டுவிட்டார்.

"புடிங்கண்ணே. இழுங்க."

"நீங்க இறங்குங்க மேஸ்திரி. என்ன வெளையாட்டு இது?"

அவள் தொங்கிக்கொண்டே இருந்தாள். வெயில் அவள் ஹெல்மெட்டில் பட்டு மின்னியது. எவ்வளவு நேரமானாலும் அப்படியே இருப்பாள் என்று அவருக்குப் புரிந்தது.

கயிற்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஒரு இழு இழுத்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

"பலமா."

இன்னொரு முறை இழுத்தார். கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, காலைப் பாறையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் சாய்த்து இழுத்தார். கயிறு உள்ளங்கையை அறுத்தது. மேலே சுருக்கு ஒரு நூல் இடம் கொடுக்கவில்லை. மேஸ்திரி இப்படியும் அப்படியுமாக லேசாக ஆடினாள், அவ்வளவுதான்.

"போதும்" என்றாள்.

இறங்கி வந்தாள். தரையில் கால் வைத்தாள். பெல்ட்டிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். இதுவரை விறைத்து நின்ற பெரிய கயிறு தொய்ந்து, காற்றில் அசைய ஆரம்பித்தது.

"இப்ப இழுங்க."

நயினார் கைமுழுக்கச் சுற்றப் போனார். அவள் தடுத்து, தன் சுட்டு விரலைக் காட்டினாள்.

ஒரு விரலில் கயிற்றை மாட்டி இழுத்தார்.

மேலே எங்கோ ஒரு சின்னச் சத்தம். சுருக்கு விரிந்தது. கவட்டையைச் சுற்றிக்கொண்டு வளையம் இறங்கியது. பிறகு மொத்தக் கயிறும் சரசரவென்று விழுந்து அவர் காலடியில் குவிந்தது. மரத்தில் எதுவும் இல்லை.

நயினார் குவிந்து கிடந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மேல இருக்கும்போது வரல" என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல.

"ஏன் வரல?"

"ஒங்க பாரம் அதுல இருந்துது."

"இப்ப?"

"பாரம் இல்ல" என்றார் நயினார். முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. அகப்பையும் கையுமாக நின்றவளின் முகம், டீயை நீட்டிய கைகள், கட்டையின் மறுபக்கம் பிடிக்க வந்து திரும்பிப் போனவர்கள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மேஸ்திரி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைக் காட்டுப் பாதையில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

*

அவர் மரத்தடியிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மகளைக் கூப்பிட இடது கையால் போனை எடுத்தார்.

"நல்லாருக்கியாம்மா" என்று தொடங்கி, "சும்மாதான் போட்டேன்" என்று முடிப்பது அவர் வழக்கம்.

மணி அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டார். அவர் இரண்டாம் முறை போடுகிறவர் இல்லை.

"எப்பா?" மறுமுனையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. "என்ன இந்நேரத்துல?"

"இசக்கி, எனக்குக் கையில அடிபட்டுப்போச்சு. சோறு பொங்க முடியல. சட்டைக்குப் பித்தான் போட முடியல."

மிக்சி நின்றது.

"எப்ப அடிபட்டுது?"

"புதன்கெழம."

"இன்னைக்கு என்ன கெழம?"

"திங்கக்கெழம" என்றார். அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அங்க வந்து இருக்கட்டுமாம்மா?" என்றார்.

"எத்தன நாளு இருப்பீய?"

அந்தக் கேள்வியில் இருந்தது ஆசையா, அலுப்பா, கோபமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ரெண்டு நாள்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினார்.

"தெரியலம்மா. ரொம்ப நாள் ஆகும்போல இருக்கு."

"வீடு சின்னது. கூடத்துலதான் படுக்கணும்."

"படுத்துக்கிடுதேன்."

"அவுக நைட் ஷிப்டு. பகல்ல தூங்குவாக. பிள்ள ஒருத்தரையும் ஒரு எடத்துல இருக்க விடாது."

"சரிம்மா."

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. ஆனாலும் அவள் போனை வைக்கவில்லை. ஒரு காலைத் தரையில் வைத்தபடி அடுத்த காலைத் தூக்கத் தயங்குகிறவர்போல் நயினார் மெதுவாகக் கூப்பிட்டார்.

"இசக்கி."

"என்னப்பா?"

"பையத் தூக்கிக்கிட்டு வர முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு யாராச்சும் வரணும்."

"யாராச்சும் எதுக்கு வரணும்?" என்றாள் இசக்கி. குரல் உடைந்திருந்தது. "நான் வருவேன்."